வழிமுறைக் கதையும் உறவுத் தெரிவும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற மரபுரைகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

குடும்ப வரலாற்றைத் தொகுக்க முற்படுவோர் தேடலின் முடிவில் புகழ்பெற்ற ஒருவரைத் தம் தொலை உறவினராகக் கண்டடைவது பரவலாகக் காணப்படுவதாகும். மன்னர், புலவர், இசைவாணர், நடிகர், ஆட்சியாளர் என அவ்வுறவினர் காலத்திற்கேற்ப மாறுவர். இவ்வாறு உருவாகும் வமிசாவளிகளை வரலாற்றாய்வாளர் ஐயத்துடன் நோக்குவர். இலக்கிய ஆய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் கூறுவோர், கேட்போர், நோக்கம், அமைப்பு ஆகிய அனைத்தும் உடைய பனுவல்களே அவை. எனவே பனுவல் என்னும் நிலையில் அவற்றைத் திறனாய்தல் இயலும்.

தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டிய கேரளப் பகுதிகளுள் பாலக்காடும் இடுக்கியும் இவ்வாய்வுக்கு வளமான களங்களாகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே சோழநாட்டினரும் கொங்குநாட்டினரும் மேற்கே சென்றனர். கம்பம், போடி மலைவழிகள் பாண்டிநாட்டினரை ஏலமலைக்குக் கொண்டு சேர்த்தன. இடம்பெயர்ந்தோர் யாவரும் தாம் விட்டுவந்த மண்ணோடு தம்மைப் பிணைக்கும் கதையொன்றை உடன் கொண்டு சென்றனர். கல்பாத்தி அக்கிரகார மரபு, மருதூர் வீட்டைச் சார்ந்த மரபு, பாண்டியரைத் தம் தொடக்கமாகக் கூறும் மலைநாட்டு மரபு ஆகிய மூன்றும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஒரே தன்மையுடைய கூற்று, ஏடும் முத்திரையும் உடையோரிடமிருந்து வரும்போது வரலாறு என்றும், அவை இல்லாதோரிடமிருந்து வரும்போது பழங்கதை என்றும் மதிக்கப்படுகிறது. இவ்வேறுபாடு பனுவலின் தகுதியால் எழுந்ததன்று என்பதும், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும். அவ்வளவுகோலைப் புறத்தே தேட வேண்டியதில்லை. தமிழ் மரபே அதனைத் தந்துள்ளது.

புறநானூறு தரும் அளவுகோல்

பாரி மறைந்தபின் அவன் மகளிரை மணம் செய்விக்க விரும்பிய கபிலர் இருங்கோவேளிடம் சென்று பாடியது புறநானூற்று 201ஆம் பாடல். வடபால் முனிவன் தடவினுள் தோன்றித் துவரையை ஆண்டு, நாற்பத்தொன்பது வழிமுறையாக வந்த வேளிருள் ஒருவன் என இருங்கோவேளை அவர் அறிமுகப்படுத்துகிறார். எதிரே அமர்ந்திருப்பவனுக்குத் தொலைவிலுள்ள பெரும்புகழ் முன்னோரை எடுத்துக்காட்டி, அப்புகழுக்கேற்ப நடந்துகொள்ளுமாறு வேண்டுவது இப்பாடலின் உத்தியாகும். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள தொன்மையான வமிசாவளிப் பனுவல்களுள் இதுவும் ஒன்று எனலாம். இங்கு வழிமுறை தகவலாக அன்றிக் கோரிக்கையாகவே கூறப்படுகிறது என்பது முதன்மையாகக் கருதத்தக்கது.

இருங்கோவேள் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. அடுத்த பாடலாகிய 202இல் கபிலர் அதே குடிவழியின் மற்றொரு பக்கத்தைப் புரட்டுகிறார். வளமுற்றிருந்த அரையம் என்னும் ஊர் அழிந்ததற்குக் காரணம், இருங்கோவேளின் முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையே எனச் சுட்டுகிறார். முதற்பாடலில் பெருமைக்குரியதாக நின்ற வழிமுறை, இரண்டாம் பாடலில் பழிக்குரியதாக மாறுகிறது. ஒரு குடியின் முன்னோரை ஏற்போர் அவர்தம் புகழை மட்டுமன்றிப் பிழையையும் ஏற்றாக வேண்டும் என்னும் திறனாய்வுக் கொள்கை இவ்விரு பாடல்களின் அடைவிலேயே அமைந்துள்ளது. பிற்காலக் குடும்ப வரலாறுகள் பெரும்பாலானவை 201ஐ மட்டுமே எழுதின, 202ஐ எழுதவில்லை.

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் மற்றோர் அளவையைத் தருகின்றன. அவை சேர வேந்தரைத் தந்தை பெயரால் மட்டுமின்றித் தாயின் பெயராலோ தாய் பிறந்த குடியாலோ சுட்டுகின்றன. இரண்டாம் பத்தின் பதிகம் உதியஞ்சேரலோடு வெளியன் வேண்மாள் நல்லினியையும் கூறும். தாய்வழியைத் தவிர்த்த குடிவழி குறையுடையது என்னும் உணர்வு அங்குப் புலப்படுகிறது.

வேள்விக்குடிச் செப்பேடு: பழமை காட்டுதல்

குடிவழிக் கூற்று நிலவுரிமையோடு பிணைந்திருப்பதைப் பாண்டியர் செப்பேடுகளுள் வேள்விக்குடிச் செப்பேடு தெளிவாக்குகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட நெடுஞ்சடையனிடம் மதுரையில் ஒருவர் முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வழங்கிய வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிக்கப்பட்டது என்பதும், அக்கொடை மீள வேண்டும் என்பதும் அம்முறையீடு. அவ்வுரிமையின் பழமையை மெய்ப்பிக்குமாறு அரசன் கூற, அவர் மெய்ப்பித்துக் காட்டுகிறார். நிலம் காமக்காணி நற்சிங்கனுக்கு மீள வழங்கப்படுகிறது.

இச்செப்பேட்டில் பயன்பெற்றோர் இருவர். நற்சிங்கன் தன் முன்னோனின் நிலத்தைப் பெற்றார். அரசனோ, களப்பிரர் இடையீட்டைத் தாண்டிச் சங்ககால முதுகுடுமியின் வழித்தோன்றல் என்னும் தகுதியைப் பெற்றான். கொடுத்தவன் முதுகுடுமி என ஏற்ற அளவிலேயே, அக்கொடையைக் காக்கும் கடமையுடைய நெடுஞ்சடையன் அவனுக்கு உரியவனாகிவிடுகிறான். முறையிட்டவரின் குடிவழியும் முறைகேட்டவனின் குடிவழியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. புகழ்பெற்ற தொலை உறவினர் கண்டறியப்படும் இடங்களில் எல்லாம், அவ்வுறவை ஏற்பவருக்கும் ஒரு பயன் உண்டா என வினவுதல் வேண்டும் என்பதை இச்செப்பேடு கற்பிக்கிறது.

பாளையக்காரர் வமிசாவளிகளிலும் இப்போக்குத் தொடர்ந்தது. காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளுள் அவ்வகை வமிசாவளிகள் பல உள்ளன. புதிய ஆட்சியின் முன் பழைய உரிமையை எடுத்துரைக்கும் தேவை அவற்றுள் பலவற்றின் நடையிலேயே தெரிகிறது.

எண்ணிக்கையும் தெரிவும்

தொலை உறவு என்பதன் கணக்கியல் எளியது. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர். தலைமுறைக்கு முப்பது ஆண்டு எனக் கொண்டால் அறுநூறு ஆண்டுகளில் இருபது தலைமுறைகள் கழிகின்றன. இருபதாம் தலைமுறையில் முன்னோர்க்குரிய இடங்கள் 10,48,576 ஆகும். அத்தை மகன், மாமன் மகள் மணவுறவு வழக்கிலுள்ள சமூகங்களில் ஒரே முன்னோர் பல இடங்களில் மீண்டும் வருவர். உடன்பிறந்தாரின் மக்கள் மணந்துகொண்டால் அவர்தம் குழந்தைக்கு எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டியர்க்கு மாறாக அறுவரே அமைவர். அகமண வழக்கு முன்னோர் தொகையைச் சுருக்குகிறது. அதே வேளை ஒரு வட்டத்திற்குள் வாழ்வோரை ஒருவருக்கொருவர் பல வழிகளில் உறவினராக்குகிறது.

எனவே ஒரு வட்டாரத்தில், ஒரே அகமணக் குழுவில் பிறந்த புகழ்பெற்ற ஒருவர் அக்குழுவைச் சார்ந்த மற்றொருவருக்கு ஏதேனும் ஒரு வழியில் உறவினராயிருத்தல் வியப்பன்று. இலட்சக்கணக்கான இழைகளுள் எந்த ஓர் இழை தெரிந்தெடுக்கப்பட்டது, எவை விடப்பட்டன என்பதே ஆய்வுக்குரிய வினா. கண்டுபிடிப்பு எனக் கூறப்படுவது உண்மையில் தெரிவாகும். இத்தெரிவில் கூறுவோரின் காலமும் தேவையும் பதிந்துள்ளன.

கல்பாத்தி: கல்லில் நின்ற பெயர்

பாலக்காட்டு அக்கிரகாரங்களில் வாழ்ந்த தமிழந்தணர் சோழநாட்டிலிருந்து கணவாய் வழியாக வந்தோர் என்பது பொதுவான மரபுரை. கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயில் இம்மரபுரைக்கு மையமாக விளங்குகிறது. மாயவரத்தைச் சேர்ந்த இலட்சுமியம்மாள் என்னும் கைம்பெண் காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்ததாகவும், 1320 பொற்காசுகளை அளித்துக் கோயிலெடுக்க வேண்டியதாகவும், பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் 1425இல் கோயிலை அமைத்ததாகவும் கோயிற் கல்வெட்டைச் சார்ந்து கூறுவர். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் வழக்கும், ஐப்பசித் தேர்விழா மாயூரநாதர் கோயில் விழாவோடு ஒப்பிடப்படுவதும் இவ்வுறவின் தொடர்ச்சியாகும்.

அக்கிரகாரக் குடிவழிகள் கோத்திரத்தின் அடிப்படையில், தந்தைவழியில் எழுதப்படுபவை. நீத்தார் கடனில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனத் தந்தைவழியில் மூன்று தலைமுறைப் பெயர்கள் கூறப்பட வேண்டும் என்னும் நெறி, நினைவின் உறுதியான எல்லையை மூன்று தலைமுறை என வரையறுத்துவிடுகிறது. அதற்கப்பால் செல்வோர் ஏடுகளையும் ஊகங்களையும் நம்ப வேண்டியவராகின்றனர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். இச்சொல்லே பேரன் என மருவியது. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் மீண்டும் வருவதால், இருவரை ஒருவராகவும் ஒருவரை இருவராகவும் கொள்ளும் மயக்கம் எளிதில் ஏற்படும். ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் ஒத்துவிடின் மயக்கம் இன்னும் மிகும். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974), பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஆகியோர் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டவர்கள். அவ்வூர்ப்பெயரைப் பகிர்ந்துகொள்வோர் யாவரும் அவர்தம் குடியைப் பகிர்ந்துகொள்பவர் ஆகார் என்பதைக் குடிவழி எழுதுவோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இதனினும் கருதத்தக்கது வேறொன்று. கல்பாத்தி மரபில் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் முதலில் தோன்றுபவர் ஒரு பெண். ஆனால் தந்தைவழிக் குடிவழியின் அமைப்பில் அவருக்கு இடமில்லை. மணம்புரிந்து சென்ற மகளிர் அவ்வேடுகளில் தந்தை வீட்டுப் பட்டியலிலிருந்து நீங்கி, கணவன் வீட்டுப் பட்டியலில் பெரும்பாலும் துணைவி என்னும் அளவிலேயே நிற்பர். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியை விட்டுவிடும் ஏடு, இருபது தலைமுறையில் எஞ்சவைப்பது ஒற்றை இழையையே. அவ்வொற்றை இழை புகழ்பெற்ற ஒருவரிடம் சென்று சேராவிடில், அவ்வுறவு இல்லை எனக் கூறுவதும் பிழையாகும். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் தாயரைக் கூறியதன் அருமை இங்கு விளங்கும்.

மருதூர்: முதலெழுத்தைப் படித்தல்

பாலக்காட்டோடு தொடர்புடைய குடிவழித் தேடல்களுள் தமிழகத்தில் மிகுதியும் பேசப்பட்டது எம்.ஜி.ஆர். பற்றியதாகும். மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917 சனவரி 17 அன்று இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை மேலக்கத்து கோபாலன்; தாய் மருதூர் சத்தியபாமா. தாயின் இல்லம் பாலக்காடு மாவட்டத்து வடவன்னூரில் உள்ளது. அவ்வில்லம் 2019இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

எம்.ஜி.ஆர். என்னும் சுருக்கத்தின் முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்பது வேறுபட்ட படிப்புகளுக்கு இடந்தருகிறது. தமிழ்நாட்டு வழக்கில் முதலெழுத்து இரண்டாயின் முன்னது ஊரையும் பின்னது தந்தையையும் சுட்டும். மருதூர் என்பதில் ‘ஊர்’ என்னும் ஈறும் இருப்பதால், தமிழ்ச் செவிக்கு அது ஊர்ப்பெயராகவே படும். மலையாள நாட்டு மருமக்கள்தாய வழக்கிலோ மருதூர் என்பது தாயின் தறவாட்டுப் பெயர். பிறந்த குழந்தை தாயின் தறவாட்டுக்கு உரியது. அக்குடியின் மூத்தோன் தந்தை அல்லன், தாய்மாமனே. ஒரே எழுத்து, இரண்டு உறவுமுறை இலக்கணங்களில் இருவேறு பொருள் தருகிறது. தமிழ்நாட்டுப் படிப்பில் அது நிலத்தைச் சுட்டுகிறது. பாலக்காட்டுப் படிப்பில் தாய்வழியைச் சுட்டுகிறது.

அரசியல் மேடைகளில் அவரை மலையாளி எனச் சுட்டும் பேச்சு எழுந்த சூழலில், அவர்தம் முன்னோர் கொங்குநாட்டிலிருந்து பாலக்காட்டுப் பகுதிக்குச் சென்ற மன்றாடியார் மரபினர் என்னும் கருத்தும் தமிழகத்தில் எழுந்து பரவியது. கொங்கிற்கும் பாலக்காட்டிற்கும் இடையே கணவாய் வழியாக நிகழ்ந்த குடிப்பெயர்வு மறுக்க இயலாதது. ஆயின் இக்கூற்றை மதிப்பிடுவோர் வினவ வேண்டியவை சில உள்ளன. இவ்வுறவு தாய்வழியில் கூறப்படுகிறதா, தந்தைவழியில் கூறப்படுகிறதா? தாய்வழியை முதன்மையாகக் கொண்ட ஒரு குடியின் வரலாற்றைத் தந்தைவழி இலக்கணத்தில் பெயர்த்தெழுதும்போது இழக்கப்படுவது யாது? கூற்றால் பயன்பெறுவோர் யாவர்?

வேள்விக்குடிச் செப்பேட்டின் இரட்டைப் பயன் இங்கும் காணப்படுகிறது. தலைவர் தமிழ்க்குடியினர் ஆகிறார். உறவு கூறும் குடியோ தலைவரின் குடியாகிறது. ஆனால் இத்தேடல் தன்னையறியாமல் எதிர்த்தரப்பின் கருத்தையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஒருவர் தமிழ் மக்களின் தலைவராதற்கு அவருடைய பாட்டனின் பாட்டன் தமிழனாயிருத்தல் வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் எடுகோள். அதனை மறுக்காமல், அதற்குள்ளேயே விடை தேடுகிறது குடிவழி வாதம். நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, நாடகக்குழுவில் தமிழ் பயின்ற ஒருவரின் வாழ்க்கை, அவ்வெடுகோளுக்கு முன்னரே விடையளித்துவிட்டது. முன்னோரைத் தேடும் முயற்சியில் அவ்விடை மறைந்துபோவது இம்மரபுரையின் குறைபாடாகும்.

பாண்டியரைக் கூறும் மலைகள்

பாலக்காட்டிலிருந்து தெற்கே, இடுக்கி மலைப்பகுதியில் புகழ்பெற்ற முன்னோர் என்னும் இடத்தைப் பாண்டியர் பெறுகின்றனர். இன்றைய கோட்டயம் மாவட்டத்துப் பூஞ்சாற்றைத் தலைமையிடமாகக் கொண்டு, கிழக்கு மலைகள் பலவற்றின் மீது உரிமை கொண்டாடிய பூஞ்சாறு அரசக் குடி, மதுரையை நீங்கிய மானவிக்கிரம குலசேகரப் பாண்டியனைத் தன் முதல்வனாகக் கூறும். பூஞ்சாற்று மீனாட்சி கோயில் அவ்வுறவின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. பந்தளத்து அரசக் குடியும் இவ்வாறே பாண்டிய வழியினதாகக் கூறிக்கொள்ளும்.

அதே மலைகளில் வாழும் முதுவரும் மன்னான்களும் மதுரையைத் தம் தொடக்கமாகக் கூறுவர். மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியமையால் முதுவர் எனப் பெயர்பெற்றதாக முதுவர் மரபு உரைக்கும். மன்னான்கள் மதுரை மன்னரைச் சார்ந்தோராயிருந்து அவருடன் நேரியமங்கலத்திற்கு வந்ததாக எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். பூஞ்சாற்றுத் தலைவர் ஒருவர் மன்னான்கள் மூவரை மூன்று இடங்களில் தம் முகவராக அமர்த்தி, வெள்ளி வாள், காப்பு, வெள்ளிப் பிரம்பு ஆகியவற்றை அடையாளமாக அளித்ததாகவும் அப்பதிவு கூறும். மன்னான்களின் அரசராகிய இராசமன்னான், கட்டப்பனையை அடுத்த கோவில்மலையில் இன்றும் உள்ளார். அரசுரிமை மருமக்கள் வழியில் செல்கிறது.

இம்மூன்று மரபுகளும் ஒரே நிகழ்வைக் கருவாகக் கொண்டவை. மதுரையில் நேர்ந்த ஒரு பேரிடர், அங்கிருந்து வெளியேற்றம், தெய்வத் திருவுரு அல்லது அரச அடையாளம் உடன்வருதல், மலையில் குடியமைதல் என நான்கு கூறுகளும் பொதுவானவை. ஒன்றுக்குரிய சான்று வலிமை மற்றொன்றிற்கு இல்லை எனக் கூற இயலாது. ஆயினும் பூஞ்சாற்றுக் கூற்று அரச வரலாறாகவும், மற்றவை பழங்குடிக் கதைகளாகவும் வகைப்படுத்தப்பட்டன. இவ்வகைப்பாட்டின் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. 1877 சூலை 11 அன்று பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோவிற்கு எழுதிக்கொடுத்தார். ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்புடைய அந்நிலம் பின்னாளில் தேயிலைத் தோட்டமாக உருமாறியது. அரசரும் மன்றோவுமே அப்பத்திரத்தின் தரப்பினர். அம்மலைகளில் வாழ்ந்த முதுவர் அதில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. மதுரையைச் சுட்டிய கதைகளுள் ஒன்று நிலத்தைக் கைம்மாற்றும் அதிகாரமாயிற்று; மற்றொன்று இனவரைவியல் குறிப்பாயிற்று.

தர்ஸ்டனின் பதிவையும் அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. அதில் மன்னான்களின் தலைமை பூஞ்சாற்றுத் தலைவரின் அமர்த்தத்தால் வந்ததாகவே கூறப்படுகிறது. வாளும் காப்பும் பிரம்பும் மேலிருந்து கீழே வருகின்றன. எனவே அது மன்னான்களின் மரபை மட்டுமன்றிப் பூஞ்சாற்றின் மேலாண்மையையும் நிறுவும் பனுவலாகும். மன்னான்கள் தாமே நிகழ்த்தும் கூத்தின் உள்ளடக்கமோ வேறு. கோவலன் கண்ணகி கதையே மன்னான் கூத்திற்குப் பொருளாக அமைகிறது. பாண்டியரோடு தொடர்பு கூறும் ஒரு மக்கள், பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்து, அத்தவற்றால் உயிர்நீத்து, அவன் நகரும் எரியுண்ட கதையையே தம் கலையாகக் காத்துவந்துள்ளனர்.

புறநானூற்று அளவுகோலின்படி இவ்வேறுபாடு மிக முதன்மையானது. அரசக் குடியின் மரபுரையில் மதுரை இழந்த பெருமையின் இடம். அது 201ஆம் பாடலின் நிலை. மன்னான் கூத்தில் மதுரை நீதி தவறிய இடமும் ஆகும். அங்கு 202ஆம் பாடலும் உடன் நிகழ்த்தப்படுகிறது. தன் முன்னோரின் பிழையை மறவாத மரபுரை, தனக்குச் சாதகமானதை மட்டும் தெரிந்தெடுத்தது என்னும் ஐயத்திற்குக் குறைவாகவே இடந்தரும். அவ்வகையில், எழுதப்படாத இப்பனுவல் எழுதப்பட்ட பலவற்றினும் திறனாய்வு நோக்கில் மேம்பட்டது எனல் மிகையாகாது. கூத்து நிகழ்த்தப்படுவதால் மட்டும் குடிப்பெயர்வு வரலாற்றுண்மை ஆகிவிடாது என்பதும் உடன் கூறத்தக்கதே. அவ்வெச்சரிக்கை பூஞ்சாற்றுக்கும் உரியது.

வாய்மொழியும் ஆவணமும்

வாய்மொழி வழிமுறையை ஆவணத்தோடு பொருத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை உலக அரங்கில் உணர்த்தியது அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ (1976). அமெரிக்கக் கறுப்பினக் குடும்பமொன்றின் முன்னோனைக் காம்பியாவின் ஜூஃபூரே ஊரில் கண்டடைந்ததாக அந்நூல் கூறியது. தேடிவந்தவர் விரும்பியதையே அவ்வூர் மரபுரையாளர் கூறினார் என்னும் ஐயம் விரைவில் எழுந்தது. 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் ஆகியோர் அமெரிக்க ஆவணங்களை ஆராய்ந்து, நூலின் அமெரிக்கப் பகுதியும் அவ்வாவணங்களோடு பொருந்தவில்லை எனக் காட்டினர். குறை வாய்மொழியில் மட்டும் இல்லை. ஆவணத்தைப் படித்த முறையிலும் இருந்தது. இரண்டையும் ஒரே கண்டிப்புடன் ஆராய்ந்தமையே அவர்தம் ஆய்வின் சிறப்பு.

இந்தியச் சட்டம் இத்திசையில் ஓர் அடி எடுத்துவைத்துள்ளது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின் கீழ் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகளுள் 13ஆம் விதி, உரிமைக் கோரிக்கைக்கான சான்றுகளைப் பட்டியலிடுகிறது. அரசு ஆவணங்களோடு, முந்தைய நிலப்பதிவுகளில் குறிக்கப்பட்டோர் அல்லது முற்காலத்தில் ஊரின் முறையான குடியினராக ஏற்கப்பட்டோர் வரை செல்லும் குடிவழியும், எழுத்தில் பதிவுசெய்யப்பட்ட மூத்தோர் கூற்றும் அவ்விதியில் சான்றுகளாக இடம்பெற்றுள்ளன. பழங்குடியினரல்லாத மரபுவழி வனவாழ்நரோ மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும். வேள்விக்குடியில் பழமையை மெய்ப்பிக்குமாறு கூறிய அரசனின் கேள்வியையே இன்றைய விதியும் கேட்கிறது. ஆனால் இன்று கேட்கப்படுவோர் மலைக்குடியினர்.

தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழர்க்கு இக்கேள்வி வேறு வடிவில் வருகிறது. 1950 ஆகஸ்டு 10 நாளிட்ட பட்டியலினத்தார் ஆணையின் காலத்தில் முன்னோர் எம்மண்ணில் வாழ்ந்தனர் என்பது அவர்தம் சாதிச் சான்றிதழைத் தீர்மானிக்கிறது. தேவிகுளம் தனித்தொகுதியின் 2021ஆம் ஆண்டுத் தேர்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாததாக்கியது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் மாற்றியது. அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் வேட்பாளரின் முன்னோர் குடியேறிய காலமும் ஒன்று. லயங்களில் வாழ்ந்தோர்க்குச் செப்பேடும் இல்லை, ஓலையும் இல்லை. தோட்ட நிறுவனத்தின் பேரேட்டில் கண்ட பாட்டன் பெயரே அவர்தம் வமிசாவளி. புகழ்பெற்ற உறவினரைத் தேடும் ஓய்வு அவர்க்கு இருந்ததில்லை. அவர்கள் தேடுவது பாட்டன் மலையேறிய ஆண்டை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. புகழ்பெற்ற தொலை உறவினரைக் கண்டடைதல் கண்டுபிடிப்பு என்பதைவிடத் தெரிவு என்பதே பொருந்தும். அத்தெரிவில் விடப்பட்ட இழைகளுள் தாய்வழியே பெரும்பான்மையது. குடிவழிக் கூற்றால் உறவு கூறுவோர், உறவினராகக் கூறப்படுவோர் ஆகிய இருவரும் பயன்பெறும் இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. முன்னோரின் பிழையையும் காத்துவைத்துள்ள மரபுரை, புகழை மட்டும் கூறும் மரபுரையினும் நம்பகத்தன்மை மிக்கது.

தமிழில் பங்காளி என்னும் சொல் பங்குடையோனைக் குறிக்கும். உறவு கூறுதல் பங்கு கூறுதலே என்பதை இச்சொல் உணர்த்துகிறது. ஆதலின் குடிவழிப் பனுவல்களை மதிப்பிடும் ஆய்வாளர், அறிந்தோ அறியாமலோ பங்கீட்டில் தலையிடுபவராகிறார். பூஞ்சாற்று ஏட்டை வரலாறு எனவும் கோவில்மலைக் கூத்தைக் கதை எனவும் பெயரிட்ட வகைப்பாட்டைத் தமிழாய்வு மறுபரிசீலனை செய்தல் வேண்டும். மலைக்குடிகளின் மூத்தோர் கூறும் வழிமுறைகளையும் தோட்டத் தமிழரின் குடியேற்ற நினைவுகளையும் முறையாகத் தொகுத்துப் பதிப்பித்தல் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாகும். மூத்தோர் கூற்று எழுத்தில் பதிவானால் மட்டுமே சான்றாகும் என விதி கூறும்போது, அதை எழுதுவோர் யார் என்பதும் ஆய்வுலகம் விடையளிக்க வேண்டிய வினாவாகிறது.